வேதாகமம் சொல்லும் 'கண்காணி' யார்?

யாங்கூனில் எங்கள் தமிழ்ச் சபையின் வாலிபர் குழுவுக்குப் பொறுப்பாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து, தேநீர் குடித்துக்கொண்டே பேசினோம். யாருக்கு நன்றாகப் பாட வரும், யார் தமிழிலும் பர்மியத்திலும் தடுமாறாமல் பேசுவார், யார் வீட்டில் வண்டி இருக்கிறது என்றே பேச்சு போனது. அப்போது ஒரு தங்கை கேட்டாள்: "அண்ணே, இதுக்கு வேதத்துல என்ன தகுதி போட்டிருக்கு?"

சரி, பார்ப்போமே என்று 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தைத் திறந்து அவளையே வாசிக்கச் சொன்னேன். "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்" என்று தொடங்கும். அடுத்த வசனத்தில் "ஆகையால் கண்காணியானவன்" என்று வரும். அவள் அந்தச் சொல்லில் நின்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாத்தா ஒருவர், "கண்காணியா? அந்தக் காலத்து மில்லு மேஸ்திரி மாதிரியா?" என்றார்.

அவர் கேட்டது நல்ல கேள்வி. வேதாகமம் எதிர்பார்க்கும் தலைமை எப்படிப்பட்டது என்று முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வருகிறவர்களுக்கு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதுதான் எனக்கு எளிதாகப் படுகிறது.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலேயா ரப்பர் தோட்டத்திலும் 'கங்காணி' என்றால் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஊருக்குப் போய் ஆள் சேர்த்துவந்து, அந்த ஆட்களை வேலை வாங்குகிறவர். பர்மாவில் அந்த இடத்தில் இருந்தவர் மேஸ்திரி. அன்று ரங்கூன் எனப்பட்ட யாங்கூனில், புசுண்டாங் பக்கத்து அரிசி ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் ஆள் திரட்டியது அவர்தான். ஊரிலேயே முன்பணம் கொடுப்பார், கப்பல் கூலியும் கட்டுவார். இங்கே வந்து இறங்கும்போதே கூலியாள் கடனாளி. ஆலைக்காரர் கூலியை நேராக ஆளிடம் தருவதில்லை. பெரிய மேஸ்திரி, அவருக்குக் கீழே ஒரு மேஸ்திரி, அவருக்கும் கீழே கும்பல் மேஸ்திரி என்று படிப்படியாக இறங்கி வரும். ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு பிடித்தம் இருக்கும். கூலியைத் தாமதமாகக் கொடுப்பதும் உண்டு. கையில் காசு இல்லாத ஆள் வேறிடம் போகமாட்டான் அல்லவா? 1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். அவர்களில் எத்தனையோ பேர் இந்த வழியில் வந்து இறங்கியவர்கள், அல்லது அப்படி இறங்கியவர்களின் பிள்ளைகள். நல்ல மேஸ்திரிகளும் இருந்திருப்பார்கள். ஆனால் முறையே இப்படி இருந்தால் நல்லவன் நல்லவனாகவே இருப்பது கடினம்.

ஆக, 'கண்காணி' என்றதும் எங்கள் தாத்தாவுக்குக் கோலும் கணக்குப் புத்தகமும் நினைவுக்கு வந்ததில் தப்பே இல்லை.

ஆனால் சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கண், காண்பது. அவ்வளவுதான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் உள்ள 'எபிஸ்கோப்போஸ்' என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய அதே பொருள்: மேலே நின்று பார்த்துக்கொள்கிறவர். பிற்காலத்தில் 'பிஷப்' (பேராயர்) என்ற பதவிப் பெயர் அந்தச் சொல்லிலிருந்துதான் வந்தது. பார்ப்பதில் இரண்டு வகை உண்டு. கூலியாள் ஓடிவிடாமல் பார்ப்பது ஒன்று. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைத் தாய் பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் தமிழில் 'பார்த்துக்கொள்' என்றுதான் சொல்கிறோம். "அவனைப் பார்த்துக்கோ" என்பதை மிரட்டலாகவும் சொல்லலாம், அன்பாகவும் சொல்லலாம்.

வேதாகமம் எந்தப் பார்வையைச் சொல்கிறது என்பதற்குப் பேதுருவின் முதல் நிருபத்தில் தெளிவான இடம் இருக்கிறது. 2-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் கிறிஸ்துவையே "உங்கள் ஆத்துமாக்களுக்கு மேய்ப்பரும் கண்காணியுமானவர்" என்கிறது. மேய்ப்பன் என்ற சொல்லோடு கண்காணி என்ற சொல்லை ஒரே மூச்சில் சேர்த்துவிட்டார் பேதுரு. இனி இந்தக் கண்காணியின் கையில் இருக்கும் கோல் ஆட்டைக் காப்பதற்கான கோல். இதைச் சொன்னபோது தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படின்னா சரி, மேல வாசிம்மா" என்றார்.

1 தீமோத்தேயு 3-இல் அப்போஸ்தலன் பவுல் தரும் தகுதிப் பட்டியலை முதல் தடவை வாசிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் ஆச்சரியமாக இருக்கும். திறமை என்று சொல்லத்தக்கது அதில் அநேகமாக ஒன்றுதான்: "போதகசமர்த்தன்", அதாவது கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர். சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்துவதையும் திறமையாகக் கொண்டால் இரண்டு. மீதியெல்லாம் குணம். குரல் வளம், படிப்பு, பணம், குடும்பப் பெயர், ஆள் பலம் எதுவும் அங்கே இல்லை. நாங்கள் அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்த எதுவுமே அந்தப் பட்டியலில் இல்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பட்டியலில் உள்ள சொற்கள் பழைய தமிழில் இருப்பதால் சிலவற்றை மட்டும் விளக்கிவிடுகிறேன். "குற்றஞ்சாட்டப்படாதவன்" என்றால் ஒரு பாவமும் செய்யாத மனிதன் என்று நினைத்துப் பலர் பயந்து ஒதுங்குகிறார்கள். அப்படிப் பார்த்தால் ஒருவரும் தேறமாட்டார்கள். கையைப் பிடித்து "இதற்கு என்ன பதில்?" என்று கேட்கும்படியான மறைவான காரியம் வாழ்க்கையில் இல்லாதவர் என்பதே பொருள். "அடிக்கிறவன்" ஆகக்கூடாது என்பதைக் கைநீட்டுகிறவன் என்று நேராகவே எடுத்துக்கொள்ளலாம். நாக்கால் அடிக்கிறவர்களையும் சேர்த்துக்கொண்டால் நம்மில் பலருக்கு நல்லது. "நூதன சீஷன்" என்றால் விசுவாசத்துக்குப் புதியவர். புதியவர் தாழ்ந்தவர் என்பதற்காகப் பவுல் அவரைத் தள்ளவில்லை. வேர் பிடிப்பதற்குள் பதவி கிடைத்தால் பெருமை வந்து விழுந்துவிடுவார் என்று அவருக்காகவே கவலைப்படுகிறார். துடிப்பான பிள்ளை ஒருவன் கிடைத்துவிட்டால் உடனே எல்லாப் பொறுப்பையும் அவன் தலையில் கட்டிவிடும் வழக்கம் எங்கள் சிறிய சபைகளில் உண்டு. இரண்டு வருஷத்தில் அவன் ஆளே காணாமல் போவதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பட்டியலின் கடைசியில் இருப்பது. "புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவன்". அதாவது, சபைக்கு வெளியே உள்ளவர்கள் அவரைப் பற்றி நல்லபடியாகச் சொல்லவேண்டும். யாங்கூனில் வாழும் ஒருவருக்கு இந்த வசனம் வெறும் வசனமாக இருக்க முடியாது. எங்கள் தெருவில் கீழ்வீட்டில் பர்மியப் பௌத்தக் குடும்பம். எதிரே முஸ்லிம் ஒருவரின் தேநீர்க் கடை. முனையில் பூ விற்கும் அக்கா அம்மன் கோவிலுக்குப் போகிறவர். இவர்கள் யாரும் எங்கள் பாட்டையோ பிரசங்கத்தையோ கேட்பதில்லை. ஆனால் கடன் சொல்லிக் குடித்த தேநீருக்கு யார் காசு கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது கடைக்காரருக்குத் தெரியும். மின்சாரம் போன இரவில் யார் ஏணிப்படியில் நின்று கத்தினார் என்பது கீழ்வீட்டுக்குத் தெரியும். சபைக்குள் நடக்கும் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. பவுல் கொடுக்கிறார்.

அடுத்தது பணம். இதைப் பேசாமல் தலைமையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

இஸ்ரவேலின் தீர்க்கதரிசியும் தலைவருமான சாமுவேல் வயதாகி, தன் பொறுப்பை விட்டு இறங்கும் நாளில் ஜனங்கள் எல்லாரையும் கூட்டி ஒரு கேள்வி கேட்கிறார். "நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்? யாருக்கு அநியாயஞ்செய்தேன்?" லஞ்சம் வாங்கிக்கொண்டு கண்டும் காணாமல் இருந்தேனா என்றும் கேட்கிறார். இருந்தால் சொல்லுங்கள், திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறார் (1 சாமுவேல் 12). ஜனங்கள் இல்லை என்கிறார்கள். ஓய்வு பெறும் நாளில் மாலையும் சால்வையும் வாங்கிக்கொள்வது எளிது. கூட்டத்தைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்க நெஞ்சுரம் வேண்டும். அதே சாமுவேலின் மகன்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்பதையும் வேதாகமம் நான்கு அதிகாரம் முன்னாலேயே எழுதி வைத்திருக்கிறது. நல்லவரின் வீட்டுக் குறையையும் அது மூடி மறைக்கவில்லை.

பவுலின் வழி இன்னும் நடைமுறையானது. எருசலேமில் கஷ்டப்படும் விசுவாசிகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோது அவர் அதைத் தனியாக எடுத்துக்கொண்டு போகவில்லை. சபைகள் தெரிந்தெடுத்த வேறு ஆட்களையும் கூட அனுப்புகிறார். காரணத்தையும் சொல்கிறார்: "கர்த்தருக்கு முன்பாகமாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம்" (2 கொரிந்தியர் 8). "என் மனசாட்சி ஆண்டவருக்குத் தெரியும், கணக்கு எதற்கு?" என்று சொல்கிற பொறுப்பாளரைப் பார்த்தால் இந்த வசனத்தைக் காட்டலாம். காணிக்கைப் பெட்டியை இரண்டு பேர் சேர்ந்து எண்ணுவது நம்பிக்கைக் குறைவு ஆகாது. எண்ணுகிறவருக்கு அது பாதுகாப்பு.

ஆனால் பணமும் அதிகாரமும் சேர்ந்து வரும் இடத்தில் எனக்கு நெகேமியாவைப் போல ஆள் இல்லை. பாரசீக ராஜாவின் கீழ் யூதேயாவுக்கு அதிபதியாக வந்து, இடிந்துகிடந்த எருசலேம் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, கட்டினவர். கட்டுமான வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஏழைகள் கூக்குரலிட்டுக்கொண்டு வருகிறார்கள். பஞ்சத்தில் தானியம் வாங்க நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்தோம், ராஜாவின் வரிக்குக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமையாகக் கொடுக்க வேண்டியதாயிற்று என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வேறு யாரும் இல்லை, அவர்களுடைய சொந்தச் சகோதரர்களே.

பர்மாத் தமிழர் இந்த ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கும்போது நம் சொந்த வரலாறு கண்ணில் படாமல் போகாது. 1930-க்குப் பிறகு உலகமெங்கும் வந்த மந்தத்தில் நெல் விலை விழுந்தது. பர்மிய விவசாயியால் கடனைத் திருப்ப முடியவில்லை. 1930-களின் முடிவுக்குள் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு நிலம், கடன் கொடுத்த செட்டியார்களின் கைக்கு வந்திருந்தது. அவர்களில் பலர் நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்லர், பணம் திரும்பி வந்தால் போதும் என்று இருந்தவர்கள்தான். அவர்கள் கொடுத்த கடன் இல்லாவிட்டால் ஐராவதி டெல்டாவில் அத்தனை காடு வயலாகியிருக்காது என்பதும் உண்மை. ஆனாலும் நிலத்தை இழந்தவரின் மனதில் அந்தக் காயம் ஆறவில்லை. பின்னால் நம்மவர்கள் பட்ட பாட்டில் அதற்கும் ஒரு பங்கு உண்டு. யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கடன் வாங்கியவரின் கண்ணீரைக் கேட்க, கடன் கொடுத்தவர்கள் பக்கத்திலிருந்தே ஒருவர் எழுந்து நிற்பது எவ்வளவு அரிது என்று காட்டவே சொன்னேன்.

நெகேமியா எழுந்து நின்றார். முதலில் அவருக்குக் கோபம் வந்தது. "என் மனதிலே ஆலோசனை பண்ணி" என்று அடுத்து எழுதுகிறார். கோபத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒரு யோசனை. அதற்குப் பிறகு பெரியவர்களை நேருக்கு நேர் கடிந்துகொண்டு, நிலத்தையும் தோட்டத்தையும் வீட்டையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள், வட்டியையும் விட்டுவிடுங்கள் என்கிறார். நானும் என் சகோதரரும் என் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம் என்று தன்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்கிறார். தன்னை வெளியே நிறுத்திக்கொண்டு மற்றவர்களைத் திட்டவில்லை. அவருக்கு முன்னிருந்த அதிபதிகள் ஜனங்களிடமிருந்து அப்பமும் திராட்சரசமும் போக நாற்பது சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். நெகேமியா பன்னிரண்டு வருஷம் அந்தப் படியைத் தொடவில்லை. அது அவருடைய உரிமைதான், சட்டப்படி வாங்கியிருக்கலாம். தினம் நூற்றைம்பது பேர் அவருடைய பந்தியில் சாப்பிட்டார்கள், அந்தச் செலவும் இருந்தது. ஆனாலும் "இந்த ஜனங்கள் பட்ட பாடு கடினமாயிருந்தபடியால்" கேட்கவில்லை. கிடைக்க வேண்டியதைக்கூட, கொடுக்கிறவரின் முதுகைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் குணம் இது. மேஸ்திரி முறைக்கு இதைவிட நேர் எதிரான ஒன்றை நான் வேதாகமத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதிகாரம் பற்றி இயேசு சொன்னது பலருக்கும் தெரிந்திருக்கும். உலகத்து அதிகாரிகள் ஜனங்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள், "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது", பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்றார் (மாற்கு 10). இதைப் பர்மாவில் இருந்துகொண்டு கேட்பதற்குத் தனிப் பாரம் உண்டு. பர்மியக் கிறிஸ்தவர்கள் இயேசுவை 'தக்கின் யேசு' என்பார்கள். தக்கின் என்றால் எஜமான். வெள்ளைக்காரர்களைப் பர்மியர் அந்தச் சொல்லால்தான் அழைக்க வேண்டியிருந்தது. 1930-களில் விடுதலை கேட்ட இளைஞர்கள், எங்கள் நாட்டுக்கு நாங்கள்தான் எஜமானர் என்று காட்ட, தக்கின் ஆங் சான், தக்கின் நூ என்று தங்கள் பெயருக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டார்கள். இந்த நாட்டில் அவ்வளவு சூடான சொல் அது. அந்தத் தக்கின், தன் கடைசி இரவில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷருடைய கால்களைக் கழுவினார்.

காலைக் கழுவுவது என்றால் என்ன என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். பர்மிய வழக்கத்தில் தலை உயர்ந்தது, கால் தாழ்ந்தது. பெரியவர் பக்கமோ புத்தர் சிலை பக்கமோ காலை நீட்டமாட்டார்கள். பகோடாவுக்குள் செருப்பும் காலுறையும் போட்டுக்கொண்டு போகக்கூடாது என்பதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் பெரிய போராட்டமே நடந்தது. ஒரு பர்மியப் பெண்மணி யோவான் 13-ஐ முதன்முதலாக வாசித்துவிட்டு, "அவர் ஏன் அதைச் செய்தார்? பேதுரு மறுத்தது சரிதானே?" என்று என்னிடம் உண்மையாகவே கலங்கிக் கேட்டார். பிறந்தது முதல் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த எனக்கு அந்தக் கலக்கம் வரவே இல்லை என்று அன்று வெட்கப்பட்டேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ரெகொபெயாம் நிற்கிறான். சாலொமோன் ராஜாவின் மகன், அவருக்குப் பின் ராஜாவானவன். அப்பா வைத்த பாரத்தைக் குறைக்கும்படி ஜனங்கள் கேட்கிறார்கள். முதியவர்கள், இன்று நீர் இவர்களுக்குச் சேவகனாயிருந்தால் இவர்கள் என்றைக்கும் உமக்குச் சேவகராயிருப்பார்கள் என்கிறார்கள். கூட வளர்ந்த வாலிபர்கள் சொல்லிக்கொடுத்தது வேறு: என் சுண்டுவிரல் என் தகப்பனாருடைய இடுப்பைவிடப் பருமன், அவர் சவுக்கால் அடித்தார், நான் தேளால் தண்டிப்பேன் என்று சொல்லும். அவன் அதைச் சொன்னான். இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் போய்விட்டன. போனது திரும்பவில்லை.

எல்லாப் பாரத்தையும் ஒருவரே சுமக்கக்கூடாது என்பதும் வேதாகமத்தில் உண்டு. மோசே காலையிலிருந்து மாலைவரை வழக்குக் கேட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ஆயிரம் பேருக்கும் நூறு பேருக்கும் ஐம்பது பேருக்கும் பத்துப் பேருக்கும் தலைவர்களை வைக்கச் சொன்னார் (யாத்திராகமம் 18). அவர் கேட்ட தகுதிகளில் "பொருளாசையை வெறுக்கிறவர்கள்" என்பதும் இருந்தது. மருமகனின் வேலை முறையில் மாமனார் குறை சொல்ல, மருமகன் அதைக் கேட்டு நடந்தார் என்பதையும் கவனியுங்கள்.

தமிழ்ச் சபைகளில் கடினமான பகுதிக்கு வருகிறேன். தலைவரைத் திருத்துவது யார்? பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். அந்த மரியாதையை நான் நேசிக்கிறேன். ஆனால் வேதாகமத்தில் தாவீது ராஜா தவறு செய்தபோது நாத்தான் என்ற தீர்க்கதரிசி அவர் முன்னால் போய் நின்றார். பணக்காரன் ஒருவன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய கதையைச் சொன்னார். தாவீது கொதித்தெழுந்தபோது "நீயே அந்த மனுஷன்" என்றார். ராஜா நாத்தானைச் சிறையில் போடவில்லை. "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்றார். தன் போர்வீரன் உரியாவைக் கொன்றதும் அவன் மனைவியை எடுத்துக்கொண்டதும் சிறிய தவறுகள் அல்ல. அதன் விளைவும் அவர் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனாலும் நாத்தான் உள்ளே வர ஒரு வாசல் அந்த அரண்மனையில் இருந்தது.

எனக்கும் ஒரு நாத்தான் வந்தார். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது நான் வாலிபன். டெல்டாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன புயல். யாங்கூனிலும் மரங்கள் விழுந்து, கூரைகள் பறந்து, தண்ணீரும் மின்சாரமும் இல்லாமல் கிடந்தோம். சபைக்கு வந்த அரிசியைப் பகிர்ந்து கொடுக்கும் பட்டியல் என் கையில் இருந்தது. நான் யாருக்கும் அநியாயம் செய்ய நினைக்கவில்லை. ஆனால் எழுதத் தொடங்கியபோது முதலில் நினைவுக்கு வந்தவர்கள் என் அத்தை வீடு, என் நண்பன் வீடு, நான் அடிக்கடி போகும் வீடுகள். பட்டியலின் கடைசியில் இருந்தவர்களுக்கு வரும்போது மூட்டை முடிந்துவிட்டது. மறுநாள், வீடுகளில் பாத்திரம் கழுவிப் பிழைக்கும் ஒரு பாட்டி என்னைத் தேடி வந்தார். திட்டவில்லை. "தம்பி, உனக்குத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் கெடச்சுது. உனக்குத் தெரியாதவங்கள யாருக்குப்பா தெரியும்?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த முறை அரிசி வந்தபோது பட்டியலைப் பின்னாலிருந்து தொடங்கினேன். இன்றைக்கும் எந்தப் பட்டியல் எழுதினாலும் அந்தப் பாட்டியின் குரல் கேட்கிறது. எசேக்கியேல் 34-ஐ வாசித்தால் தேவனுடைய புகாரும் அதுதான் என்று தெரியும். பலவீனமானதைப் பலப்படுத்தவில்லை, எலும்பு முறிந்ததைக் கட்டவில்லை, காணாமற்போனதைத் தேடவில்லை, தங்களையே மேய்த்துக்கொண்டார்கள் என்று மேய்ப்பர்கள்மேல் குற்றம் சாட்டுகிறார். ஆட்டைத் திருடினார்கள் என்பது மட்டுமே குற்றமாக இருந்தால் நான் தப்பித்திருப்பேன். தேடவில்லை என்பதும் அங்கே குற்றம்.

இங்கே யாராவது கேட்கலாம்: அப்படியானால் குணம் இருந்தால் போதுமா, திறமை வேண்டாமா? வேண்டும். தாவீதைப் பற்றி 78-ஆம் சங்கீதம் முடியும் இடத்தில், அவன் ஜனங்களை "தன் இருதயத்தின் உண்மையின்படியே மேய்த்து, தன் கைகளின் திறமையினால்" நடத்தினான் என்று இருக்கிறது. இருதயமும் கையும். நல்ல மனசுக்காரரிடம் கணக்கைக் கொடுத்து, அவருக்குக் கூட்டல் தெரியாமல் எல்லாரும் தவிப்பது பக்தி ஆகாது. ஆனால் கை வேலையைப் பழகிக்கொள்ளலாம், ஒரு மாதத்தில்கூடக் கற்றுத்தரலாம். இருதயத்தின் உண்மை ஆடு மேய்த்த காலத்திலேயே, யாரும் பார்க்காத இடத்திலேயே உண்டாக வேண்டும். "கொஞ்சத்திலே உண்மையுள்ளவன் அநேகத்திலும் உண்மையுள்ளவனாயிருக்கிறான்" என்று இயேசு சொன்னதை நான் எங்கள் பிள்ளைகளுக்குப் பாய் விரிப்பதையும் சாவி வைத்திருப்பதையும் வைத்தே விளக்குகிறேன். சபைக் கதவின் சாவியை வாங்கிக்கொண்ட பையன் மழையோடு மழையாக நேரத்துக்கு வந்து திறக்கிறானா? அது எனக்கு அவனுடைய பிரசங்கத்தைவிட அதிகம் சொல்கிறது.

இது ஆண்களுக்கான பேச்சு மட்டும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தெபொராள் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தாள், அவள் பாடிய பாட்டில் அவள் பெயர் 'தாய்'. கெங்கிரேயா சபையின் பெபேயாளைப் பவுல் "அநேகருக்கும் எனக்குங்கூட ஆதரவாயிருந்தவள்" என்கிறார். எங்கள் சபையில் அந்தக் கேள்வியைக் கேட்ட தங்கையைத்தான் கடைசியில் பொறுப்புக்குத் தெரிந்தெடுத்தோம். அவள் உடனே சம்மதிக்கவில்லை. "நான் போன வருஷம் ஒரு பெரிய தப்புப் பண்ணினேன், உங்களுக்குத் தெரியும். எனக்கு இது தகுமா அண்ணே?" என்றாள்.

நான் அவளிடம் யோவான் 21-ஐ வாசித்துக் காட்டினேன். மூன்று முறை இயேசுவைத் தெரியாது என்று சொன்ன பேதுரு, பழைய மீன்பிடி வேலைக்கே போய்விட்டிருந்த விடியற்காலம் அது. இயேசு கரையில் கரிநெருப்புப் போட்டு, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு, "வாருங்கள், போஜனம் பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறார். சாப்பிட்டு முடியும்வரை பழைய கணக்கைப் பேசவில்லை. பிறகு "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் தன் ஆடுகளை அவனிடம் கொடுக்கிறார்.

இறுமாப்பாய் ஆளக்கூடாது என்று இயேசு சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்களில் பேதுருவும் ஒருவர். வருஷங்கள் கழித்து அவர் சபைகளின் மூப்பர்களுக்கு எழுதினார். கட்டாயமாய் அல்ல, மனப்பூர்வமாயும், ஆதாயத்துக்காக அல்ல, உற்சாக மனதோடும், "இறுமாப்பாய் ஆளுகிறவர்களாக அல்ல, மந்தைக்கு மாதிரிகளாகவும், கண்காணிப்புச் செய்யுங்கள்" என்றார் (1 பேதுரு 5). அதே 'இறுமாப்பாய்', அதே 'கண்காணிப்பு'. அப்போஸ்தலன் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு முழு உரிமை இருந்தது. ஆனால் அந்த அதிகாரத்தின் முதல் வரியில் தன்னை அவர் "உடன்மூப்பன்" என்றுதான் எழுதுகிறார்.